டிஸ்பாட்சர் தப்பாக கிளிக் செய்தால் ரயில்கள் மோதிவிடுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒமாஹா, ஃபோர்ட் வொர்த் மாதிரி ஊர்களில் உட்கார்ந்துகொண்டு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் பாயிண்டையும் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) சிக்னலையும் ரயில் போக்குவரத்தை நடத்தும் டிஸ்பாட்சர் மாற்றுகிறார். அவர் கை தவறினாலோ, நடுவில் லைன் அறுந்தாலோ என்ன ஆகும்?

பெரும்பாலும் ரயில் நிற்கும், அவ்வளவுதான். அந்த 'பெரும்பாலும்' ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சிக்னல் துறையில் இருப்பவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்பாட்சர் நேரடியாக எதையும் மாற்றுவதில்லை. மாற்றித் தரும்படி கேட்கிறார். தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது, பாயிண்டுக்குப் பக்கத்தில் தண்டவாள ஓரம் நிற்கும் ஒரு தகர அறைக்குள் இருக்கும் கருவி.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு சரக்கு ரயில் வருகின்றன, ஒன்றை லூப்பில் (பக்கத்துக் கிளைப் பாதையில்) ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்பாட்சர் திரையில் நுழையும் இடத்தையும் போகவேண்டிய பாதையையும் கிளிக் செய்வார். அது ஒரு சின்னச் செய்தியாக ஃபைபரிலோ ரேடியோவிலோ தகர அறைக்குப் போகும். அங்கே முதல் சோதனை, பாயிண்ட் மேல் வண்டி நிற்கிறதா என்பது. இதைச் சொல்வது டிராக் சர்க்யூட், 1872இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கியது. ஒரு முனையிலிருந்து தண்டவாளம் வழியாகக் குறைந்த வோல்டேஜ் மின்சாரம் போகும், மறுமுனையில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சக்கரமும் அச்சும் குறுக்கே வந்தால் ரிலே விழுந்துவிடும். தண்டவாளம் உடைந்தாலும் விழும், பேட்டரி செத்தாலும் விழும். விழுந்தால் சிவப்பு.

அப்புறம், எதிர்ப்பக்கம் யாருக்காவது சிக்னல் கொடுத்திருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியென்றால்தான் மோட்டார் ஓடும். ஓடினால் மட்டும் போதாது. பாயிண்டின் நாக்கு, அதாவது நகரும் தண்டவாள முனை, முழுசாக ஒட்டிப் பூட்டிக்கொண்டதாகத் தகவல் வரவேண்டும். நடுவில் ஒரு ஜல்லிக்கல் மாட்டியிருந்தால் அந்தத் தகவல் வராது, சிக்னலும் வராது. டிஸ்பாட்சர் எத்தனை தடவை கிளிக் செய்தாலும் இதேதான்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த யோசனை இல்லை. 1927இல் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே ஒஹாயோவில் ஸ்டான்லி முதல் பெர்விக் வரை சுமார் 40 மைலை ஃபோஸ்டோரியா என்ற ஊரிலிருந்து ஒரே மேஜையில் நடத்தியது. மேஜையில் சின்னச் சின்ன லீவர்கள் இருந்தன. இந்த வகை இயந்திரங்களில் லீவரைத் திருப்பினாலே எதுவும் நடந்துவிடாது. கீழே உள்ள பட்டனை அழுத்தினால்தான் கட்டளை கிளம்பும். நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் இன்றும் பாயிண்ட் ஸ்டேஷன் மாஸ்டர் கையில்தான். செக்‌ஷன் கன்ட்ரோலர் போனில் சொல்வார், இவர் பேனலில் போடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது நேரப் பூட்டு. பச்சை கொடுத்தாகிவிட்டது, ரயில் நெருங்கி வருகிறது, திடீரென டிஸ்பாட்சர் மனம் மாறி ரத்து செய்கிறார். சிக்னல் உடனே சிவப்பாகும். ஆனால் பாயிண்ட் உடனே அசையாது. டைமர் பல நிமிடம் ஓடி முடியும்வரை யார் சொன்னாலும் பூட்டு திறக்காது. சரக்கு ரயிலுக்கு பிரேக் போட்டு நிற்க அவ்வளவு நேரம் வேண்டும்.

லைன் அறுந்தால்? டிஸ்பாட்சருக்குத் திரை குருடாகும், அவ்வளவே. தகர அறை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதுச் சிக்னல் கொடுக்க ஆளில்லாததால் ரயில் சிவப்பில் வந்து நிற்கும். டிஸ்பாட்சர் ரேடியோவில் அனுமதி சொல்வார், ரயிலில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். பாயிண்டைத் திருப்பவும் வேண்டியிருந்தால் ரயிலின் பொறுப்பாளரான கண்டக்டர் இறங்கி, மோட்டார் பெட்டியின் பூட்டைத் திறந்து, மோட்டாரிலிருந்து கைக்கு மாற்றும் லீவரைத் தள்ளி, தன் கையாலேயே திருப்புவார்.

ஆக, பயப்பட வேண்டிய இடம் அந்தத் தகர அறை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மெயின் லைன் பச்சையை நம்பி லூப்பில் பாய்ந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கைகாட்டியது, பாதையோரத்தில் சிக்னல் சர்க்யூட்டை மாற்றி இணைத்ததில் நடந்த பிழைகளை.

இப்போது அந்த 'பெரும்பாலும்'. டிராக் சர்க்யூட்டுக்கு மனிதர்கள் தெரியாது. பாதையில் ஆட்கள் வேலை செய்தால் டிஸ்பாட்சர் திரையில் அந்தப் பகுதிக்கு பிளாக் போட்டு வைப்பார். இருக்கும்வரை அங்கே சிக்னல் கொடுக்க முடியாது. ஆனால் அதை எடுப்பதும் அவர்தான். 2007 ஜனவரியில் மாசசூசெட்ஸின் வோபர்னில் அந்த பிளாக் தொடர்ந்து இருக்கவில்லை, பயணிகள் ரயில் வேலை நடந்த இடத்துக்குள் நுழைந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து, 'ரயில் நிற்கிறது' என்று சர்க்யூட்டை நம்பவைக்கும் சாதனத்தை விதிப்படி மேஸ்திரி மாட்டியிருக்க வேண்டும். அன்று அதுவும் மாட்டப்படவில்லை.