புராணக் கதைகளில் உட்பொருள் உண்மையிலேயே இருக்கிறதா, நாமாக ஏற்றிச் சொல்கிறோமா?

கேள்வி இதுதான்: புராணக் கதைகளுக்கு ஓர் ஆன்மிக உட்பொருள் உண்டு என்கிறார்களே, அது கதைக்குள்ளேயே இருப்பதா, பின்னால் வந்தவர்கள் கற்பித்ததா? அதை நாமே படித்துக் கண்டுகொள்ள முடியுமா?

இருக்கிறது. எல்லாக் கதையிலும் ஒரே அளவு இல்லை. பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னதும் நிறைய உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. நான் போன வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சாட்சி. பாகவதம் நான்காம் ஸ்கந்தத்தில் 25 முதல் 29 வரையான அத்தியாயங்களில் புரஞ்சனன் கதை வருகிறது. பிராசீனபர்ஹி என்ற அரசன் ஓயாமல் யாகம் செய்துகொண்டிருக்கிறான். நாரதர் வந்து, யாகத்தில் அவன் கொன்ற விலங்குகளெல்லாம் அவனுக்காகக் காத்திருப்பதைக் காட்டிவிட்டு, ஒரு கதை சொல்ல ஆரம்பிக்கிறார்.

புரஞ்சனன் குடியிருக்க இடம் தேடி அலைகிறான். இமயத்தின் தென்சரிவில் ஒன்பது வாசல் கொண்ட ஒரு நகரம் கண்ணில் படுகிறது. கிழக்கே ஐந்து வாசல், தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று, மேற்கே இரண்டு. ஐந்து தலை நாகம் ஒன்று காவல் காக்கிறது. அங்கே ஓர் அழகி, பத்து ஏவலாட்கள் சூழ உலாவுகிறாள். அவளை மணந்து அங்கேயே தங்கிவிடுகிறான். அவள் குடித்தால் இவனும் குடிக்கிறான். அவள் சாப்பிட்டால் சாப்பிடுகிறான், பாடினால் பாடுகிறான், அழுதால் அழுகிறான். இப்படியே காலம் போகிறது. பிறகு சண்டவேகன் என்ற கந்தர்வன் படையெடுத்து வருகிறான். 360 வீரர்கள், அதே எண்ணிக்கையில் பெண்கள், வெள்ளையும் கறுப்புமாக ஜோடி ஜோடியாக வந்து நகரத்தைக் கொள்ளையடிக்கிறார்கள். நாகம் மட்டும் தனியாக நூறு வருஷம் எதிர்த்து நின்று களைத்துப்போகிறது. அடுத்து, யாரும் மணக்க விரும்பாத காலகன்னி வந்து சேர்கிறாள்.

கதையைக் கேட்ட அரசன், நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறான். 29-ஆம் அத்தியாயத்தில் நாரதரே அவிழ்த்துக் காட்டுகிறார். புரஞ்சனன் ஜீவன், நகரம் உடல். கிழக்கு வாசல்கள் இரு கண், இரு மூக்குத் துவாரம், வாய். தெற்கும் வடக்கும் காதுகள். மேற்கே இருப்பவை கழிவு வாசல்கள். அந்தப் பெண் புத்தி, ஏவலாட்கள் பத்து இந்திரியங்கள், நாகம் பிராணன். சண்டவேகன் ஒரு வருஷம், அவன் படை 360 பகலும் 360 இரவும். காலகன்னி முதுமை.

ஆக, கதைக்கு உள்ளே பொருள் வைக்கிற பழக்கம் புராணம் செய்தவர்களிடமே இருந்திருக்கிறது. அந்த வரையில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தபோது எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. வெகு நாள் கழித்து ஒரு காலையில்தான் அது வேலை செய்தது. போனில் ஒரு செய்தி. வேலை சம்பந்தமாக யாரோ என்னைக் குறைத்துப் பேசியிருந்தார்கள். மனசு சுருங்கியது. அன்று முழுக்க நானே சுருங்கிப்போனவனாக நடமாடினேன். மாலையில் இன்னொரு செய்தி வந்து எல்லாம் சரியானதும் நானும் மலர்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்த வரி உறைத்தது. அவள் அழுதால் இவன் அழுகிறான், அவள் சிரித்தால் இவன் சிரிக்கிறான். ஏழெட்டு முறை வாசித்திருந்த வரி, அன்றுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

இந்தக் கதையில் இன்னொன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை கதையின் உச்சம் அதுதான். செத்துப்போகும் நேரத்தில் மனைவியையே நினைத்த புரஞ்சனன், அடுத்த பிறவியில் விதர்ப்ப அரசனின் மகளாகப் பிறக்கிறான். மலயத்வஜன் என்ற பாண்டிய அரசனுக்கு மனைவியாகிறான். (பாகவதக் கதை நம் பக்கம் வந்து, தாமிரபரணியின் பெயரையும் சொல்லிவிட்டுப் போவது இங்கேதான். வாசிக்கும்போது சட்டென்று மனம் நிமிரும்.) கணவன் இறந்ததும் அவள் சிதையை அடுக்கித் தானும் ஏறப் போகிறாள். அந்த நேரத்தில் ஒரு அந்தணர் வந்து, என்னைத் தெரிகிறதா, நான் உன் பழைய நண்பன், நாம் இருவரும் மானஸ ஏரியில் சேர்ந்திருந்த அன்னங்கள் அல்லவா என்று கேட்கிறார்.

யார் இந்த நண்பன் என்று திகைத்துப் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். 25-ஆம் அத்தியாயத்தில், கதை தொடங்கும் இடத்திலேயே அவன் இருக்கிறான். புரஞ்சனனுக்கு அவிஜ்ஞாதன், அதாவது அறியப்படாதவன், என்றொரு நண்பன் இருந்தான் என்று ஒரே வரி. அதற்கப்புறம் நகரம், பெண், வேட்டை, ஊடல், போர் என்று கதை ஓடுகிறது, புரஞ்சனன் சாகும் தறுவாய் வரை அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. புரஞ்சனன் அவனை மறந்தான். வாசித்துக்கொண்டிருந்த நானும் மறந்துவிட்டேன்! அந்த நண்பன்தான் ஈசுவரன். மறதி என்றால் என்ன என்று விளக்குவதற்குப் பதிலாக, மறதியை எனக்கே நடத்திக் காட்டிவிட்டது கதை. இதை எந்தப் பட்டியலிலும் அடக்க முடியாது. கதையை முழுசாக, பொறுமையாகப் படித்தவருக்குத்தான் இது கிடைக்கும்.

அதனால்தான் "பாற்கடல் என்றால் மனம், மந்தரமலை என்றால் இது, வாசுகி என்றால் அது" என்று ஒரு வரியில் முடித்துவிடும் விளக்கங்களில் எனக்கு நிறைவில்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால், கதையைக் கழற்றிப் போட்டுவிட்டு அகராதியை வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. தசாவதாரத்தில் பரிணாமக் கொள்கை இருக்கிறது, புஷ்பக விமானத்தில் விஞ்ஞானம் இருக்கிறது என்பதெல்லாம் வேறு வகை. அதில் உட்பொருள் எதுவும் இல்லை, அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதும் இல்லை.

சரி, உட்பொருள் என்று வந்துவிட்டால் கதை நடந்ததா இல்லையா என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். எனக்குத் தெரிந்து இதில் திருமூலரைவிடக் கடுமையாகப் பேசியவர் யாரும் இல்லை.

"அப்பணி செஞ்சடை ஆதி புராதனன்
முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்
முப்புர மாவது மும்மல காரியம்
அப்புரம் எய்தமை யாரறி வாரே"

சிவன் மூன்று ஊரை எரித்தான் என்பவர்கள் மூடர்கள், முப்புரம் என்பது ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தின் காரியம் என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் அதே முப்புரம் எரித்ததைத் தேவாரம் பாடியவர்கள் பதிகத்துக்குப் பதிகம் இறைவனின் வீரச் செயலாகவே பாடுகிறார்கள். மணிவாசகர் அதைப் பெண்கள் ஆடும் விளையாட்டுப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்: "வளைந்தது வில்லு விளைந்தது பூசல், உளைந்தன முப்புரம் உந்தீபற". சைவம் இந்த மூவகையையும் திருமுறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. தேவாரம் முதல் ஏழு திருமுறை, திருவாசகம் எட்டாவது, திருமந்திரம் பத்தாவது. ஒன்றை வைத்து மற்றதை அடிக்கவில்லை.

திருவுந்தியார் என்ற அந்த விளையாட்டுப் பாட்டில் அடுத்த பாடலைப் பாருங்கள். ஏகம்பர் கையில் இரண்டு அம்பைப் பார்க்கவில்லை, முப்புரத்துக்கு ஓர் அம்புதான், "ஒன்றும் பெருமிகை" என்கிறார். அந்த ஒன்றே அதிகமாம். திருமூலர் சொன்ன மும்மலத்தை மனசில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். நான் ஆயுள் முழுக்கக் கட்டிக்காக்கிற இந்த மூன்று கோட்டைக்கும் அவனுக்கு ஓர் அம்பே மிகை. விளையாட்டுப் பாட்டும் தத்துவமும் இங்கே ஒன்றாகவே நிற்கின்றன. கதையை நம்பிப் பாடுகிறவரும் உட்பொருளைத் தேடுகிறவரும் இந்த வரியில் வந்து சேர்ந்துவிடலாம்.

இப்போது என் சொந்த விஷயம் ஒன்று.

சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டவர்களுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். என் அம்மா இறந்த சமயம், காடாற்றும் அன்று, பால் தெளித்துவிட்டு எலும்பைப் பொறுக்கியபோது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எதுவும் யாருக்கும் சொந்தமில்லை என்பது கைக்குள்ளேயே இருந்தது. பதினாறு நாளும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் மாதம் வீட்டுச் சாமான்களைப் பிரிக்கும் பேச்சு வந்தது. அம்மா பொங்கல் வைக்கிற வெண்கலப் பானைக்காக என் தம்பியிடம் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் பேச்சு நின்றது.

அந்த வருஷம் கந்த சஷ்டிக்குக் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் யுத்த காண்டத்தை வாசித்தேன். போருக்கு நடுவே முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். சூரனுக்குத் தெளிவு வருகிறது. "கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப் பாலன் என்று இருந்தேன்" என்று உருகுகிறான். ஆணவம் என்று நாம் பெயர் வைத்த அதே சூரன்தான்! கால்கள் அவனைச் சுற்றி வர வேண்டும், கைகள் தொழ வேண்டும், தலை தாழ வேண்டும், நாக்கு துதிக்க வேண்டும், தீமை விலகி இவனுக்கு ஆளாகி வாழ வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். கடைசியில் சொல்கிறான்: "நெஞ்சம் தடுத்தது மானம் ஒன்றே."

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கால், கை, தலை, நாக்கு எல்லாம் தயார், மானம் ஒன்று மட்டும் தடுக்கிறது. தம்பியின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்த ராத்திரிகள் எத்தனை! அப்புறம் கதையில் பேருரு மறைகிறது, அதோடு சூரனின் தெளிவும் போய்விடுகிறது, மறுபடி கோபம், மறுபடி போர். காடாற்றிய அன்று எனக்கு வந்த தெளிவும் அப்படித்தானே போனது. ஆணவம் என்ற சொல் எனக்குச் சொல்லாத ஒன்றை, அந்த ஒரு பாட்டு சொன்னது. உண்மையைப் பார்ப்பதும் அதற்கு முன்னால் தலை தாழ்வதும் இரண்டு தனித்தனிக் காரியம். நான்கு நாள் கழித்துத் தம்பியிடம் பேசினேன்.

வேல் கடைசியில் அவனை ஒழித்துக்கட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். கடலில் மாமரமாக நின்றவனைப் பிளந்து, ஒரு பாதியை மயிலாகவும் ஒரு பாதியைச் சேவலாகவும் ஆக்கி, ஊர்தியும் கொடியுமாகத் தன்னோடேயே வைத்துக்கொள்கிறான் முருகன்.

எனவே எப்படிப் படிப்பது என்று கேட்டால், கதை எங்கே உங்களைத் தைக்கிறதோ, அல்லது எங்கே உறுத்துகிறதோ, அங்கே நில்லுங்கள் என்பேன். கஜேந்திர மோட்சத்தில் எல்லோரும் யானை கூப்பிட்டதையும் பெருமாள் ஓடி வந்ததையும் சொல்வார்கள். எனக்கு உறுத்திய இடம் வேறு. இழுபறி தண்ணீரில் நடக்கிறது. நாள் ஆக ஆக யானைக்குப் பலம் குறைகிறது, முதலைக்கு ஏறுகிறது, ஏனென்றால் அது அதன் இடம். எத்தனையோ சண்டைகளை நாமும் எதிராளியின் குளத்துக்குள் நின்றுகொண்டுதான் போடுகிறோம். பின்னாலிருந்து இழுத்துப் பார்த்த யானைக் கூட்டத்தாலும் மீட்க முடியவில்லை. கடைசியில் கைகொடுத்தது, முந்தைய பிறவியில் இந்திரத்யும்னன் என்ற பாண்டியனாக இருந்தபோது பழகிய துதி. எப்போதோ கற்றது, உயிர் போகும் நேரத்தில் நாவில் வந்து நிற்கிறது.

நாம் கண்ட பொருள் சரிதானா என்று எப்படித் தெரியும்? இதற்கு எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் பிரகதாரண்யக உபநிஷத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. தேவர், மனிதர், அசுரர் மூவரும் பிரஜாபதியிடம் உபதேசம் கேட்கிறார்கள். மூவருக்கும் அவர் சொல்வது "த" என்ற ஒரே எழுத்து. போகத்தில் திளைக்கும் தேவர்களுக்கு அது "அடங்குங்கள்" (வடமொழியில் தாம்யத) என்று கேட்கிறது. மனிதர்களுக்கு "கொடுங்கள்" (தத்த), அசுரர்களுக்கு "தயை காட்டுங்கள்" (தயத்வம்). சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்று மூவரிடமும் சொல்கிறார் பிரஜாபதி. தேவரும் அசுரரும் மனிதர்களுக்குள்ளேயே இருப்பவர்கள் என்றும் கொள்ளலாம் என்று சங்கரர் தம் பாஷ்யத்தில் காட்டுகிறார்.

ஒவ்வொருவரும் தன் குறையைத்தான் அந்த எழுத்தில் கேட்டார்கள். அசுரர்கள் "தேவர்களே, நீங்கள் அடங்குங்கள்" என்று கேட்கவில்லை. ஒரு கதைக்கு நான் சொல்லும் உட்பொருள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கச்சிதமாகப் பொருந்தி, எனக்கு மட்டும் வலிக்காமல் போனால், நான் இன்னும் கதைக்குள் நுழையவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீங்களே முயன்று பார்க்க வேண்டும் என்றால், புரஞ்சனன் கதையின் விடையை நான் உடைத்துவிட்டேன், அது இனி உதவாது. பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்துக்குப் போங்கள். 13-ஆம் அத்தியாயத்தில் ஜடபரதர் என்ற ஞானி ரகூகணன் என்ற அரசனுக்கு ஒரு காட்டைப் பற்றிச் சொல்கிறார். லாபம் தேடி ஒரு வணிகர் கூட்டம் உள்ளே நுழைகிறது, ஆறு திருடர்கள் அவர்களைக் கொள்ளையடிக்கிறார்கள். விளக்கம் 14-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைத் திறக்காமல் ஒரு வாரம் 13-ஐ மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். அந்த ஆறு பேர் இன்று காலையிலிருந்து உங்களிடம் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் 14-ஐப் பிரியுங்கள்.