தேவாலய முற்றத்தில் நிற்கும் மொட்டைக் கல்

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்கள் பற்றி வந்த கேள்விகளில் பாதி இந்தக் கல்லைப் பற்றித்தான். சரி, வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி: தேவாலயத்தின் தெற்கு வாசலருகே நாலு படி, மேலே உடைந்த கல் தூண், அதன் தலையில் சூரியக் கடிகாரம். இது என்ன?

பதில்: இடைக்காலச் சிலுவையின் மிச்சம். படிகளுக்கு மேல் குழி வெட்டிய பீடக்கல். குழியில் தூணை இறக்கி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி இறுக்குவார்கள். உச்சியில் சிற்பம் செதுக்கிய சிலுவைப் பகுதி, அதுதான் ‘தலை’. தலை போன பிறகு பல ஊர்களில் சூரியக் கடிகாரத்தைப் பொருத்திவிட்டார்கள். பீடக்கல்லைக் குனிந்து பாருங்கள்: அடியில் சதுரமாகவும், மூலைகளைச் செதுக்கியதால் மேலே எண்கோணமாகவும் இருக்கும்.

கேள்வி: கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு சிலுவை இருக்குமே, பொதுவாக ஒன்று எதற்கு?

பதில்: ஆளுக்கொன்று என்பதே பிற்கால வழக்கம். அன்று சாதாரணக் குடியானவருக்குக் கல் கிடையாது. துணியில் சுற்றிப் புதைப்பார்கள். சில தலைமுறை கழித்து அதே இடத்தைத் தோண்டி இன்னொருவரைப் புதைப்பார்கள். பெயரில்லாத அத்தனை பேருக்கும் இந்த ஒரு சிலுவைதான் அடையாளம். என்னைக் கேட்டால், இதன் முதல் வேலையே அதுதான்.

கேள்வி: வழிபாட்டில் இதற்குப் பங்கு உண்டா?

பதில்: ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று ஊரே பவனியாக வந்து இங்கே நிற்கும், நற்செய்தி வாசிப்பார்கள். அந்தக் குளிரில் குருத்தோலைக்கு எங்கே போவது? உள்ளூர் மரங்களான யூ, வில்லோ ஆகியவற்றின் கிளைகள்தான் கையில். ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் சில பீடங்களில் விளக்கு மாடம் போல ஒரு குழிவு இருக்கிறது. அன்று நற்கருணைப் பேழையை, அதாவது அர்ச்சித்த அப்பம் உள்ள சிறு பெட்டியை, வைக்கத்தான் அது என்பது பலர் கருத்து.

கேள்வி: உடைத்தது யார்?

பதில்: சிலுவைச் சிற்பங்களை உருவ வழிபாடு என்று எதிர்த்த 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் தொடங்கியது. 1643-இல் நாடாளுமன்றம் போட்ட ஆணை தேவாலய முற்றத்துச் சிலுவைகளையும் அகற்றச் சொன்னது. படியைப் பெயர்ப்பது பெரிய வேலை, அதனால் படிகள் தப்பின.

கேள்வி: லண்டன் சேரிங் கிராஸில் இருக்கும் சிலுவையும் இந்த வகையா?

பதில்: இல்லை. அது 1290-இல் இறந்த எலினோர் அரசிக்காக அவர் கணவர் முதலாம் எட்வர்டு எழுப்பிய நினைவுச் சிலுவை. அதுவும் 1647-இல் இடிக்கப்பட்டது. இன்று ரயில் நிலையத்தின் முன் நிற்பது விக்டோரியா காலத்தது.

கேள்வி: தலையோடு ஒன்றைப் பார்க்க முடியுமா?

பதில்: கிளஸ்டர்ஷயரில் ஆம்ப்னி குரூசிஸ் போங்கள். ஊர்ப் பெயரிலேயே சிலுவை இருக்கிறது: ‘குரூசிஸ்’ என்றால் லத்தீனில் ‘சிலுவையின்’. அங்குள்ள சிலுவையின் தலையைத் தேவாலயத்துக்குள்ளேயே வைத்துச் சுவர் எழுப்பி மூடியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்து மறுபடி தூணில் ஏற்றினார்கள். ஒரு பக்கம் சிலுவையில் இயேசு, இன்னொரு பக்கம் குழந்தையோடு மரியாள்.