'வேலும் மயிலும் துணை' யாருக்குச் சொந்தம்?

கேள்வி: டி-ஷர்ட், துணிப்பைகளில் பிரிண்ட் போட்டு ஆன்லைனில் விற்கிறேன். முருகன் படத்தோடு 'வேலும் மயிலும் துணை' என்று அச்சிட்ட டி-ஷர்ட் நன்றாகப் போகிறது. அந்த வாசகம் தங்கள் டிரேட்மார்க் என்றும், 15 நாளில் விற்பனையை நிறுத்தாவிட்டால் வழக்கு என்றும் போட்டி நிறுவனம் ஒன்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. சாமியை வைத்துச் சம்பாதிப்பதாகப் போலீசில் புகார் கொடுக்கப் போவதாக இன்னொருவர் மிரட்டுகிறார். இதற்கு நடுவே, ஒரு வேட்பாளரின் ஆட்கள் அவர் முகத்தையும் வேலையும் சேர்த்துப் போட்டு 2,000 டி-ஷர்ட் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் நோட்டீஸ். டிரேட்மார்க் என்று சொன்னால் போதாது. பதிவு எண் என்ன, எந்த வகுப்பு (அதாவது எந்தப் பொருள் வகைக்கு) என்று கேளுங்கள். ஆயத்த ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு, பதிவே ஆகிவிட்டது போல நோட்டீஸ் விடுகிறவர்கள் ஏராளம்.

பதிவு இருந்தாலும் கவலை வேண்டாம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரை ஒருவர் டிரேட்மார்க்காகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரைத் தனக்கு மட்டுமே என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது என 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்தர்கள் எல்லோர் வாயிலும் வருகிற வாசகத்துக்கும் இதே வாதத்தை வைக்கலாம். அவர்களுடைய எழுத்து வடிவத்தையோ லோகோவையோ அப்படியே எடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்படியானால் அந்த டிசைனை உடனே மாற்றுங்கள்.

போலீஸ் புகாரைப் பார்ப்போம். பழைய இ.பி.கோ. 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. ஆனால், மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்று திட்டமிட்டு, கெட்ட எண்ணத்தோடு செய்தால்தான் அது குற்றம். தோனியை விஷ்ணுவாக வரைந்து, கைகளில் ஷூ உட்பட விளம்பரப் பொருள்களைக் கொடுத்து ஒரு வணிக இதழ் அட்டைப்படம் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணம் இல்லை என்று சொல்லித்தான் 2017இல் உச்ச நீதிமன்றம் தோனி மீதான வழக்கை ரத்து செய்தது. தவிர, இந்தப் பிரிவில் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது.

ஆனாலும் வழக்கில் ஜெயிப்பது வேறு, ஸ்டேஷனுக்கு அலையாமல் இருப்பது வேறு. தோனியே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டி-ஷர்ட், பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால்மிதி, செருப்பு, உள்ளாடைப் பக்கமே போகாதீர்கள். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்பதை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். அந்த முருகன் படம் எங்கிருந்து வந்தது? கூகுளில் எடுத்தது என்றால், முருகனுக்கு இல்லாத உரிமை அதை வரைந்தவருக்கு உண்டு. ஓவியர் காலமாகி 60 ஆண்டுகள் வரை காப்பிரைட் நீடிக்கும். ரவிவர்மா 1906இலேயே காலமாகிவிட்டார், அவர் வரைந்தவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காலண்டர் ஓவியங்களால் பெயர் பெற்ற கொண்டையராஜு காலமானது 1976இல். அவர் படங்களுக்கு 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. பழைய காலண்டர் படம்தானே என்று தைரியமாக எடுத்துப் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. தெரிந்தே மீறினால் காப்பிரைட் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஒரு ஓவியருக்குக் காசு கொடுத்துப் புதிதாக வரையச் சொல்லுங்கள், உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த 2,000 டி-ஷர்ட். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவுப்படி, வாக்குக்காக மதச் சின்னத்தைப் பயன்படுத்துவது ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. அவர் ஜெயித்தாலும் தேர்தல் செல்லாமல் போகலாம். ஆறு ஆண்டு வரை தகுதியிழப்பும் வரலாம். அது அவர் தலைவலி, எனக்கென்ன என்று நினைக்காதீர்கள். தேர்தல் வழக்கில் அச்சடித்தவரைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிடுவார்கள், உங்கள் பில்தான் ஆவணம். வேல் இல்லாமல், கட்சிச் சின்னத்தோடு கேட்டால் ஆர்டரை எடுங்கள். பிட் நோட்டீஸ், போஸ்டரும் சேர்த்துக் கேட்டால், அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர், முகவரி கட்டாயம். இரண்டு பேர் சான்றளித்த உறுதிமொழியையும் வெளியிடுபவரிடம் வாங்குங்கள். இதைச் சொல்லும் அதே சட்டத்தின் 127ஏ பிரிவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அது உங்களுக்குத்தான்.

வக்கீல் நோட்டீசுக்குப் பதினைந்து நாள் முடிவதற்குள் பதிவுத் தபாலில் பதில் போய்ச் சேரட்டும். டிசைன் ஃபைல்கள், முதல் விற்பனையின் பில், ஓவியருக்குப் பணம் கொடுத்த ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.