கடைசிப் பாட்டு வரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்களுமாக எட்டுப் பேர். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடம் வந்ததில் பிடித்த பத்து ஆல்பங்களை ஆளுக்கொரு பட்டியலாகப் பகிர்ந்துகொள்வோம். முதல் இடத்துக்கு 10 மதிப்பெண், பத்தாவது இடத்துக்கு 1 என்று போட்டுக் கூட்டி, எங்கள் குழுவின் ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்போம். போன வருடம் அது சண்டையில் முடிந்தது. ஏழு பேர் எட்டாவது இடத்தில் வைத்திருந்த ஒரு ஆல்பம் 21 மதிப்பெண்ணோடு முதலில் வந்துவிட்டது. இரண்டு பேர் உயிராக நினைத்து முதலிடம் கொடுத்த ஆல்பம் 20 வாங்கிப் பின்தங்கிவிட்டது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? சினிமாப் பாட்டுகளைச் சேர்க்கலாமா, நாலே பாட்டுள்ள இ.பி.யை ஆல்பம் என்று கொள்ளலாமா, இசைத்தட்டு வாங்கிக் கேட்பவரின் கருத்துக்குக் கூடுதல் மதிப்பு தரலாமா என்றும் தகராறு இருக்கிறது.

நான் இந்த வருடம் இதுவரை 140 ஆல்பங்கள் கேட்டிருக்கிறேன். வேலை பார்க்கும்போது ஷஃபிளில் (பாட்டுகளை வரிசை கலைத்து ஓட்டும் வசதி) ஓடவிட்டு, பிடித்த பாட்டுக்கு லைக் போட்டுக்கொண்டே போவேன். எந்த ஆல்பத்துக்கு அதிக லைக் விழுகிறதோ அது பட்டியலில் மேலே வரும். இந்த முறை சரிதானே?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திதான் இந்தப் பதிலை எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை அது நேராகப் போய்த் தொட்டுவிட்டது. "சரிதானே?" என்று கேட்கிறீர்கள். இல்லை, சரியில்லை. ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் மதிப்பெண் கணக்கை முடித்துவிடலாம், அது சுலபம்.

நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வாரப் பத்திரிகை இசை விமர்சகர்களிடம் ஆண்டுதோறும் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 'பாஸ் அண்ட் ஜாப்' என்று பெயர். ஜாஸ், பாப் இரண்டின் முதல் எழுத்தையும் இடம் மாற்றிப் போட்டது. ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்ற இசை விமர்சகர் தொடங்கியது. 1971-இல் ஒருமுறை நடந்து, 1974 முதல் ஆண்டுதோறும் நடந்தது. அதன் விதி இதுதான்: ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளி. அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு 30-க்கு மேல் தரக்கூடாது, 5-க்குக் கீழும் தரக்கூடாது. உங்கள் சண்டையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஏழு பேர் ஆளுக்கு ஐந்து கொடுத்தால் 35. இரண்டு பேர் முப்பது முப்பது கொடுத்தால் 60. உங்கள் பழைய கணக்கில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பது தெரிந்தது, எவ்வளவு பிடித்தது என்பது தெரியவில்லை. இதில் இரண்டும் தெரியும். ஒன்றுக்கு 30 கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதுக்கும் சேர்த்து 70 தான் மிஞ்சும், அதில் 45 கட்டாயமாகப் போய்விடும். ஆக, முப்பது கொடுப்பவர் யோசித்துத்தான் கொடுப்பார்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. உங்கள் ஆண்டுக் கணக்கை டிசம்பர் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடியுங்கள். டிசம்பரில் வெளிவரும் ஆல்பத்தை அந்த டிசம்பரிலேயே எடைபோட யாருக்கும் நேரம் இருக்காது, அடுத்த வருடம் அது பழசாகிவிடும். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 1982 நவம்பர் கடைசியில் வந்தது. 'பாஸ் அண்ட் ஜாப்' பட்டியலில் அது முதலிடம் பிடித்தது 1983-ஆம் ஆண்டுக்குத்தான்.

சினிமாப் பாட்டுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். காட்சிக்காகச் செய்யப்பட்ட பாட்டையும் நாற்பது நிமிடம் தொடர்ந்து கேட்பதற்காகச் செய்யப்பட்ட பாட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இளையராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹவ் டு நேம் இட்?' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) இரண்டும் ஆல்பமாகவே பிறந்தவை. அவற்றை வரிசையாகக் கேட்டால் நான் சொல்லும் வித்தியாசம் காதுக்கே தெரியும். இ.பி. விஷயம் சண்டை போடும் அளவுக்குப் பெரிதில்லை. இசைத்தட்டு வாங்குபவருக்குக் கூடுதல் ஓட்டா? கூடாது. தட்டு வாங்கக் காசு வேண்டும், கேட்கக் காது போதும்.

இனி அந்த 140-க்கு வருவோம்.

ஷஃபிளில் ஓடவிட்டு லைக் போட்டது 140 ஆல்பம் ஆகாது. அது ஆயிரத்துச் சொச்சம் பாட்டு. பாட்டுகளின் பட்டியல் போடுங்கள், அது நல்ல பழக்கம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதை ஆல்பங்களின் பட்டியல் என்று நண்பர்கள் முன்னால் வைக்காதீர்கள். ஒருவர் ஒன்றரை வருடம் உட்கார்ந்து எது முதலில், எது கடைசியில், எதற்குப் பின் எது, நடுவில் எத்தனை நொடி மௌனம் என்று கட்டிய ஒன்றை நீங்கள் கலைத்துப்போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கலைந்ததற்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறீர்கள். இசையை இவ்வளவு நேசிக்கும் ஒருவர் இதைச் செய்கிறாரே என்பதுதான் என் வருத்தம்.

வரிசை என்பது அலங்காரம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை இப்படி அலட்சியம் செய்யத் தோன்றாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகள் இருந்த காலத்தில் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைப் புத்தகத்தில் கோத்து விற்றார்கள், 'ஆல்பம்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. (லாங் பிளே) என்ற நீண்டநேரத் தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் போல. அதற்கு மேல் திணித்தால், முள் ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டிவரும். நெருங்கிய பள்ளத்தில் பெரிய அசைவுக்கு இடம் கிடையாது. ஒலியைக் குறைக்க வேண்டும், முதலில் அடிபடுவது பேஸ் என்னும் கனத்த கீழ் ஓசை. 'த்ரில்லர்' முடிந்துவிட்டது என்று நினைத்து மாதிரித் தட்டைப் போட்டுக் கேட்டபோது நடந்தது இதுதான். பக்கங்கள் நீண்டுவிட்டதால் ஒலி சவசவ என்றிருந்தது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியனும் நீளத்தைக் குறைத்து, பாட்டுகளை மறுபடி மிக்ஸ் செய்தார்கள். கடைசிப் பாட்டில் ஒரு சரணமே போனது.

இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒரு நொடி ஓசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. 'ஸ', 'ஷ' ஒலிகளும் சிம்பலும் அங்கேதான் கரகரக்கும். அதனால் சத்தமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும், மெல்லிய பாட்டைப் பக்கத்தின் முடிவிலும் வைப்பது வழக்கமானது. உள்விளிம்பின் குறைபாடு ஒரு அழகியலையே உண்டாக்கிவிட்டது. தட்டே இல்லாத காலத்திலும் பல ஆல்பங்கள் தணிந்த குரலில் முடிவதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தட்டுக்கு இரண்டு பக்கம் என்பது. அதாவது ஒரு ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கம். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுகிறோம், காது ஓய்ந்து மறுபடி விழிக்கிறது. அங்கே ஒரு பலமான பாட்டை வைப்பார்கள். 'த்ரில்லர்' இரண்டாம் பக்கம் 'பீட் இட்' பாட்டில் தொடங்குகிறது, அதற்கடுத்து 'பில்லி ஜீன்'. அமெரிக்காவில் இரண்டுமே முதலிடத்துக்குப் போன பாட்டுகள், ஆனால் ஆல்பத்தில் அவை ஐந்தாவதும் ஆறாவதும்! ஸ்ட்ரீமிங்கில் ஒரு தொடக்கம்தான் உண்டு. ஸ்பாட்டிஃபை செயலியில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும், அதற்குள் கேட்பவர் தாண்டிப் போய்விடக்கூடாது. எனவே நல்ல பாட்டையெல்லாம் முன்னால் தள்ளி வைக்கும் ஆசை வருகிறது, பின்பாதி பட்டினி கிடக்கிறது. கேட்பவரும் ஐந்தாவது பாட்டிலேயே நகர்ந்துவிடுகிறார்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. சி-60 கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய எல்லாருக்கும் தெரியும்: பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. கணக்குத் தவறினால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். லிஸ்ட் எழுதிக் கொடுப்பவர் எது எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று யோசித்துத்தான் எழுதினார்.

ஷஃபிளில் என்னவெல்லாம் கெடுகிறது என்று பாருங்கள். பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' (1969) இரண்டாம் பக்கத்தில் குறும்பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். சில, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் கூடுதல். தனியாக வந்து விழுந்தால் அவை முடிக்காமல் விட்ட பாட்டு போலத் தெரியும், லைக் விழாது. ஒலியளவும் மாறும். ஸ்பாட்டிஃபை இயல்பாக எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் முழு ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே அளவில் ஏற்றி இறக்கும், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமப்படுத்தும். கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நீங்கள் லைக் போடாமல் தள்ளிய பாட்டுகளில் எத்தனை இப்படித் தள்ளப்பட்டவையோ!

சரி, எப்படிக் கேட்பது?

முதலில் செட்டிங்ஸ். ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள், பாட்டுகளை இடைவெளி விழாமல் ஓட்டும் கேப்லெஸ் இயங்கட்டும். ஆட்டோபிளேயை அணைப்பது மிக அவசியம். இல்லாவிட்டால் கடைசிப் பாட்டு முடிந்த மூன்றாவது நொடியில் வேறு யாரோ பாட வந்துவிடுவார், அந்த மௌனம் உங்களுக்குக் கிடைக்காது. எம்.பி.3 கோப்பாக வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எம்.பி.3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்த எண்கள்) கொண்ட துண்டுகளாகத்தான் சேமிக்கும். ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. பாட்டு துண்டின் நடுவில் முடிந்தாலும் மீதியை மௌனத்தால் நிரப்பிவிடும், பாட்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். ஒட்டிய பாட்டுகளுக்கு நடுவே 'டிக்' என்று விக்குவது அதனால்தான். அந்த மௌனத்தைக் கழித்து ஓட்டத் தெரிந்த பிளேயர் வேண்டும், அல்லது இந்தக் குறை இல்லாத ஃப்ளாக் (FLAC) வகைக் கோப்பாக வாங்குங்கள்.

இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது ஒலியைச் சமப்படுத்தும் வசதி இயங்கட்டும். காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு டெசிபல் கூடினாலே "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்லாது, "இது தெளிவாக இருக்கிறது" என்று சொல்லும். சத்தமாக மாஸ்டர் செய்த (வெளியிடும் முன் ஒலியை இறுதி செய்யும்போது சத்தத்தைக் கூட்டிய) ஆல்பம் ஓசையில்லாமல் உங்கள் ஓட்டைத் திருடிவிடும்.

முதல் முறை வேறு வேலை எதுவும் இல்லாமல், குறிப்பெடுக்காமல், முழுக்க. இரண்டாவது முறை பாடல் வரிகளையும் யார் எதை வாசித்தார்கள் என்ற விவரத்தையும் கையில் வைத்துக்கொண்டு. ஒரு வாரம் கழித்து மூன்றாவது முறை, ஹெட்ஃபோனில் கேட்டிருந்தால் ஸ்பீக்கரில். அப்போது மட்டும் பின்பாதியிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பாட்டென்றால் ஆறாவதில் தொடங்கிக் கடைசிவரை போய், பிறகு முதல் ஐந்து. வரிசை கலையாது, ஆனால் சோராத காது பின்பாதிக்குக் கிடைக்கும். எட்டாவது பாட்டு சுமாராக இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். பல சமயம் அது சுமாரான பாட்டாக இருக்காது, முப்பதாவது நிமிடத்துச் சோர்வாக இருக்கும். முன்பு இந்த வேலையைத் தட்டின் இரண்டாம் பக்கம் நமக்காகச் செய்துகொடுத்தது.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: தேதி, கவனம் எத்தனையாவது நிமிடத்தில் விலகியது, மறுநாள் காலை எது நினைவில் இருந்தது. லைக்கைவிட இது நம்பத்தக்கது. மூன்று முறையும் ஒரே இடத்தில் கவனம் விலகினால் அது ஆல்பத்தின் குறை. வேறு வேறு இடத்தில் விலகினால் அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் போதவில்லை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 140 வேண்டாம். முப்பது ஆல்பம், ஒன்று நாற்பது நிமிடம், மூன்று முறை: மொத்தம் அறுபது மணி நேரம். வாரத்துக்கு எழுபது நிமிடம் வராது. ஷஃபிளில் ஓடவிடுவதையும் நிறுத்த வேண்டாம், அந்த முப்பதைத் தேடிப் பிடிக்க அது உதவும். பட்டியல் போட மட்டும் உதவாது.

இந்த டிசம்பரில் எட்டுப் பேரும் கூடும்போது ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆல்பத்துக்கும் எதிரே, போனைப் பார்க்காமல், அதன் கடைசிப் பாட்டு எது என்று எழுத வேண்டும். பெயர் மறந்துவிட்டால் முதல் அடியையோ மெட்டையோ முனகிக் காட்டினாலும் போதும். முடியாதவர் அந்த ஆல்பத்துக்கு ஐந்து புள்ளிக்கு மேல் தரக்கூடாது. பட்டியல் தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள், கடைசிப் பாட்டுகளோடு.

அன்புடன்.