பட்டம் கையில், பதிவு இல்லை: பிரிட்டனில் உளவியல் வேலை தேடும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

இந்தியாவில் எம்.எஸ்சி. உளவியல் முடித்து, ஒரு பள்ளியில் 2 ஆண்டுகள் ஆலோசகராக இருந்துவிட்டு, கணவரின் வேலை விசாவோடு லண்டன் வந்து 4 மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே உளவியலாளர் ஆக மறுபடியும் முதலிலிருந்து படிக்கவேண்டுமா, அல்லது மனத்தைத் தேற்றிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். அதே நேரம், எந்தப் படிப்புக்கும் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். இதை 2006-இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால், ஓராண்டு காலமும் எங்கள் சேமிப்பும் மிஞ்சியிருக்கும்.

வந்த வேகத்தில், தலைப்பில் உளவியல் என்ற சொல் இருந்த ஒரு முதுநிலைப் படிப்பில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டிச் சேர்ந்தேன். முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்தால், போன இடமெல்லாம் ஒரே கேள்வி: பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அடிப்படைத் தகுதி இருக்கிறதா? அப்போது அதற்கு ஜி.பி.ஆர். என்று பெயர், இப்போது ஜி.பி.சி. என்கிறார்கள். நான் படித்த படிப்புக்குச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லை. அதைவிட வலித்தது பிறகு நடந்ததுதான். என் இந்தியப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் சங்கத்துக்கு அனுப்பியபோது, அதை வைத்தே தகுதியைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் சாவியை வைத்துக்கொண்டு, பூட்டை உடைக்கக் காசு செலவழித்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் முதல் வேலை ஜி.பி.சி. விண்ணப்பம். உயிரியல், அறிதல், வளர்ச்சி, சமூகம், தனிமனித வேறுபாடுகள், ஆய்வு முறைகள் ஆகியவற்றைப் படித்திருக்கிறீர்களா, நீங்களே தரவு திரட்டி ஓர் ஆய்வு செய்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். பாடத்தின் பெயர் மட்டும் போதாது, உள்ளே என்ன நடத்தினார்கள் என்ற விவரமும் வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதி, முத்திரையிட்ட பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏதாவது குறைகிறது என்று சங்கம் சொன்னால், அப்போது அந்தக் குறையை நிரப்பும், அங்கீகாரம் பெற்ற ஓராண்டு ‘கன்வர்ஷன்’ படிப்பைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை கல்வி முகவர் எவர் அழைத்தாலும் பொறுமையாக இருங்கள்.

அடுத்தது சட்டம். ‘உளவியலாளர்’ என்ற வெறும் சொல்லுக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை. ‘மருத்துவ உளவியலாளர்’, ‘ஆலோசனை உளவியலாளர்’, ‘கல்வி உளவியலாளர்’ போன்ற பட்டப்பெயர்களுக்கு உண்டு. 2009 முதல் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம், மற்றவர்கள் பயன்படுத்துவது குற்றம். ஜி.பி.சி. கிடைத்துவிட்டதாலேயே இந்தப் பெயர்கள் வந்துவிடா. அது நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். இந்தியாவில் மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் எம்.பில். முடித்தவர்கள் வெளிநாட்டுத் தகுதி வழியாக நேரடியாக எச்.சி.பி.சி.க்கு விண்ணப்பிக்கிறார்கள். உங்களிடம் அது இல்லாததால் நான் வந்த வழியைச் சொல்கிறேன்.

அந்த வழியின் கடைசியில் இருப்பது 3 ஆண்டு மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சி. இங்கிலாந்தில் அதற்குக் கட்டணத்தை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஏற்கிறது. படிக்கும்போதே என்.எச்.எஸ். சம்பளப் படிநிலையில் பேண்ட் 6 சம்பளமும் உண்டு. போட்டி கடுமை. நிதியுள்ள இடங்களுக்குப் பெரும்பாலும் உள்நாட்டுக் கட்டண நிலை (உள்நாட்டு மாணவராகக் கணக்கிடப்படும் தகுதி) கேட்பார்கள், அதற்கு நிரந்தர வசிப்புரிமை வேண்டியிருக்கும். உங்களுக்கு அதற்கு இன்னும் சில ஆண்டுகள் உண்டு. அவை வீண் ஆண்டுகள் என்று நினைத்து அழாதீர்கள். நான் அழுதிருக்கிறேன். தேர்வுக் குழு கேட்கப்போவதே அந்த ஆண்டுகளில் நீங்கள் யாரோடு உட்கார்ந்தீர்கள், என்ன கற்றீர்கள் என்பதைத்தான்.

உங்கள் விசாவில் வேலை பார்க்கத் தடையில்லை. நான் ஒரு மனநல வார்டில் உதவியாளராகச் சேர்ந்தேன். எம்.எஸ்சி. படித்தவள் படுக்கை விரிப்பு மாற்றுவதா என்று வீட்டில் கேட்டார்கள். அங்கே ஓர் இரவை மட்டும் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான்.

இலங்கைத் தமிழர் ஒருவர், வயதானவர். தனியே விடக்கூடாது என்பதால் அவர் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. மருத்துவர் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியாக, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பெரியவர் மெதுவாக, “ஒரே யோசனை” என்றார். ‘நிறையச் சிந்தித்துக்கொண்டிருக்கிறாராம்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இந்தியத் தமிழில் யோசனை என்றால் எண்ணம், கருத்து. இலங்கைத் தமிழில் அது மனத்தை அரிக்கும் கவலை. எனக்கே பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். மருத்துவர் வெளியே போனதும் செவிலியரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அவசரமில்லாமல் திரும்பக் கேட்டார்கள். எத்தனை மாதமாகத் தூக்கமில்லை, எதை நினைத்து விழித்திருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வாரமே வார்டின் உளவியலாளர் என்னை நோயாளர் கலந்தாய்வில் வந்து உட்காரச் சொன்னார். பின்னாளில் உதவி உளவியலாளர் வேலைக்கு எனக்கு நற்சான்று எழுதியவரும் அவர்தான்.

உங்கள் தமிழை விண்ணப்பத்தின் கடைசி வரியில் ‘பிற மொழிகள்’ என்று போட்டுவிடாதீர்கள். அது உங்கள் தொழில்திறன்.

வார்டு வேண்டாம் என்றால் பி.டபிள்யூ.பி. பயிற்சியைப் பாருங்கள். விரிவாகச் சொன்னால் சைக்கலாஜிக்கல் வெல்பீயிங் பிராக்டிஷனர். 2008-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பேச்சுச் சிகிச்சைத் திட்டத்தில் (2023 முதல் அதன் பெயர் டாக்கிங் தெரபீஸ்) மிதமான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு வழிகாட்டும் வேலை. பயிற்சிக் காலத்தில் பேண்ட் 4 சம்பளம், முடித்தபின் பேண்ட் 5. ஒவ்வொரு சந்திப்பிலும் மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் நிரப்பப்படும். மொத்தம் 27 புள்ளி, 10-ஐத் தொட்டால் கவனிக்கவேண்டிய நிலை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. நம்மவர்களிடம் அதைக் கேட்கும்போது நம்மை அறியாமலே குரல் தாழ்ந்துவிடும். எதிரில் இருப்பவர் அந்தத் தாழ்வைக் கேட்டு, “சே, அப்படியெல்லாம் இல்லை” என்று மூடிக்கொள்வார். முதல் எட்டைக் கேட்ட அதே குரலில் ஒன்பதாவதையும் கேட்கப் பழகுங்கள். எனக்கு அது கைவர ஒரு வருடம் ஆனது.

வேலை கிடைக்கும்வரை சமாரிட்டன்ஸ் போன்ற அமைப்பில் தொண்டராகச் சேரலாம். 1953 முதல் தொலைபேசியில் துயரம் கேட்பவர்கள். அறிவுரை சொல்லாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்று அங்கே தெரியும்.

விண்ணப்பம் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். என்.எச்.எஸ். விளம்பரத்தோடு ‘அவசியம்’, ‘விரும்பத்தக்கது’ என்று பிரித்த தகுதிப் பட்டியல் இருக்கும். அதை வரிசையாக வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ‘பள்ளியில் ஆலோசகராகப் பணியாற்றினேன்’ என்றால் ஒன்றும் விளங்காது. வாரத்துக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சிக்கல்கள், யாரிடம் கலந்து பேசினீர்கள், ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது யாரிடம் எடுத்துச் சென்றீர்கள் என்று எழுதுங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்று பணிவாக எழுதியே நமக்குப் பழக்கம். இங்கே ‘நான் செய்தேன்’ என்று எழுதாவிட்டால், யாரோ செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். போதுமான விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டால் கடைசித் தேதிக்கு முன்பே மூடிவிடுவதும் உண்டு. அதனால் ஒரு வரைவை எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

முனைவர் பயிற்சிக்கு நான் மூன்றாவது முறைதான் தேர்வானேன். முதலிரண்டு நேர்முகத் தேர்விலும் படித்ததை ஒப்பித்தேன். மூன்றாவதில், வார்டில் நான் தவறாகப் புரிந்துகொண்ட ஒருவரைப் பற்றியும், என் மேற்பார்வையாளரோடு பேசி அதை எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதைப் பற்றியும் சொன்னேன். அதைத்தான் நின்று கேட்டார்கள். இங்கே மேற்பார்வை என்றால் கண்காணிப்பு இல்லை. வாரம் ஒரு மணி நேரம், உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இடம். எந்த வேலையை ஏற்பதற்கு முன்பும், யார் எனக்கு மேற்பார்வை தருவார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் சேராதீர்கள்.

பாடத்திட்டம் வந்து சேர்ந்ததும் எழுதுங்கள். முதல் விண்ணப்பத்தின் வரைவையும் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா