ஆயாம்மாவுக்குச் சம்பளம் கூட்டினால் எனக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: கோவையில் ஒரு இன்ஜினீயரிங் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். கம்பெனியில் மொத்தம் 120 பேர். பதினான்கு மாதக் குழந்தையை வீட்டுப் பக்கத்தில் உள்ள டே கேரில் விடுகிறேன். அங்கே 15 குழந்தைகள், 4 ஆயாம்மாக்கள். மாதம் 7,500 கட்டிவந்தேன். அடுத்த மாதத்திலிருந்து 9,500 என்கிறார்கள். “ஆயாம்மாக்கள் நிற்க மாட்டேன் என்கிறார்கள், சம்பளம் கூட்டியே ஆகணும்” என்கிறார் நடத்துகிற அக்கா. என் குழந்தை ஒட்டிக்கொண்டிருக்கிற ஆயாம்மாவுக்கு மாதம் 9,000தான் என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் கூட்டிக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மாமியார், “பேசாமல் வேலையை விட்டுவிடு” என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: சகோதரி, முதலில் வேலையை விடுகிற பேச்சை முடித்துவிடுவோம். உங்கள் 28,000-இல் 9,500 போனால் என்ன மிச்சம் என்றுதானே வீட்டில் கணக்குப் போடுகிறார்கள்? வாடகையை அப்படிப் போடுவதில்லையே. டே கேர் பணத்தையும் இரண்டு பேர் சம்பளத்திலிருந்தும் எடுத்து வையுங்கள். இரண்டு, மூன்று வருஷத்தில் குழந்தை பள்ளிக்குப் போய்விடும். அப்புறம் நீங்கள் திரும்பி வேலை தேடினால், இதே சம்பளத்துக்கு எடுக்கவே யோசிப்பார்கள். (மாமியார் பேரனையோ பேத்தியையோ தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் அதைக் கிளறவில்லை.)

அடுத்து, அந்த அக்கா கொள்ளையடிக்கிறாரா? இதுவரை மாதம் 1,12,500 வசூல். ஆயாம்மாக்கள் சம்பளமே 36,000. வாடகை, சமையல், பால், கரண்ட், லீவு போட்ட ஆளுக்குப் பதில் ஆள் என்று போனால் பெரிதாக ஒன்றும் நிற்காது. இந்தத் தொழிலில் ஆளைக் குறைக்கவும் வழியில்லை. மதியத் தூக்கம் கலைகிற நேரத்தில் ஒருநாள் அங்கே போய் நின்று பாருங்கள். ஒன்று எழுந்து அழும், அந்தச் சத்தத்தில் இன்னும் இரண்டு எழுந்துகொள்ளும். ஆயாம்மா ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குத் துணி மாற்றுவார், மூன்றாவது அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு வயதுக் குழந்தைகள் என்றால் நான்கைந்துக்கு மேல் ஒருவரால் சமாளிக்க முடியாது. அதனால்தான் உங்களுக்குக் கட்டணம் பாரமாகவும் அவருக்குச் சம்பளம் பற்றாமலும் ஒரே நேரத்தில் இருக்கிறது. 9,000 என்றால் ஒரு நாளைக்கு 350 ரூபாய்கூட வராது. சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும். பத்துப் பேருக்குக் கீழே வேலை செய்கிற இடம் என்பதால் இ.எஸ்.ஐ.யும் கட்டாயமில்லை.

அரசாங்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 1975-இல் அங்கன்வாடி தொடங்கியதிலிருந்து பணியாளர்களுக்குத் தருவது சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’. 2018-இல் மத்திய அரசு உயர்த்திக் கொடுத்த தொகையே பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கிறது என்பது வேறு. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

சரி, இப்போது 2,000 ரூபாய் உயர்வுக்கு வருவோம். 15 குழந்தைகள் என்றால் மாதம் 30,000 கூடுதல் வசூல். அதில் ஆயாம்மாக்கள் கைக்கு எவ்வளவு போகும்? இதைக் கேட்பதில் தப்பே இல்லை. தனியாகக் கேட்காதீர்கள், மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “ஆயிரம் ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், அது முழுக்க ஆயாம்மாக்களுக்கே போகட்டும்” என்று பேசிப் பாருங்கள். நான்கு பேருக்கும் ஆளுக்கு 3,750 கூடும். வாடகையும் ஏறிவிட்டது என்றால் அதை அவர் தனியாகச் சொல்லட்டும். இன்னொன்று, ஆறு மணிக்கு எடுக்க வேண்டிய குழந்தையை ஏழு மணிக்கு எடுத்தால் அந்த ஒரு மணி நேரக் காசை ஆயாம்மா கையிலேயே கொடுங்கள். தீபாவளிப் புடவையை அதில் கழிக்காதீர்கள்.

இதைவிட மலிவான இடம் தேடலாமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். தேடலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

மிச்சப் பாரத்தை ஏற்க வேண்டிய மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், உங்கள் கம்பெனி. ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே சேர்த்துவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஐம்பது பெண்கள் வேண்டும் என்பதில்லை, ஆண்களையும் சேர்த்துத்தான் கணக்கு. உங்கள் கம்பெனி 120 பேர். கட்டடம் கட்ட இடமில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தனியார் காப்பகத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளச் சட்டத் தொகுப்பே இடம் கொடுக்கிறது. செலவில் யார் எவ்வளவு என்பதைச் சட்டப் பிரிவு விவரிக்கவில்லை, அதைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஆகவே இந்த வாரமே எச்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இப்போதைய டே கேரையே கம்பெனி ஏற்பாடாக எடுத்துக்கொண்டு கட்டணத்தில் பாதியைக் கொடுக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை உள்ள இன்னும் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது, அதில் அப்பாக்களும் இருக்கட்டும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம், அது கடைசியில். முதலில் கடிதம் போகட்டும், என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.