பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் கட்டாயச் சோதனை) கிடையாதா? ஏன்?

கிடையாது. 2012 முதல் 1960க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் இருந்த விலக்கு, 2018 மே 20 முதல் 40 ஆண்டு கடந்த கார்களுக்கெல்லாம் விரிந்தது. இவை குறைவாகவே ஓடுகின்றன, உரிமையாளர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். கடந்த 30 ஆண்டுகளில் சேஸி, அச்சு போன்றவற்றை அசல் வகையிலிருந்து பெரிதாக மாற்றியிருந்தால் விலக்கு இல்லை.

சோதனை இல்லாவிட்டாலும் பொறுப்பு உரிமையாளருடையதே. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம்.

விரும்பினால் நாமாகவே சோதனைக்கு விடலாம். என்னைக் கேட்டால் விடுவதே நல்லது. வருடம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் வண்டியில்தான் பிரேக் குழாய் துருப்பிடிப்பதும் டயர் ரப்பர் வெடிப்பு விடுவதும் சத்தமில்லாமல் நடக்கும் (பளபளக்கும் பெயின்ட் எதையும் காட்டிக்கொடுக்காது).